தென்னங்கட்டையில் போட்டுக் காட்டுங்க

அத்தியாயம் ஏழு

லொறியின் முன் இருக்கையில் நிப்றாஸை ஏற்றிவிடுவது ஜெஸீமுக்கு இப்போது பழகிப்போன வேலை. முதலில் ஊன்றுகோல் இரண்டையும் வாங்கிக் கதவோரம் சாத்த வேண்டும். பிறகு அக்குளுக்குள் கை கொடுத்து ஒரே தூக்கு. நிப்றாஸ் இடது காலைப் படியில் வைத்து உள்ளே சரிந்துகொள்வான். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சாறனின் ஓரம் அந்தப் பக்கம் வெறுமனே தொங்கியது.

"பைய மச்சான், பைய."

"ஏறிட்டன். நீ விடு."

கேற்றடியில் நின்ற முஸ்பிறா பார்த்துக்கொண்டே இருந்தாள். நிப்றாஸின் மனைவி, ஜெஸீமின் ஒரே தங்கை. ஊன்றுகோல் ஒன்று கதவில் சரிந்து கீழே விழுந்ததும் அவளுக்கு வாய் அடங்கவில்லை.

"எங்க பாத்துக்கிட்டு ஏறுறீங்க? அண்டைக்கும் இப்பிடித்தானே. பக்கத்துல நிக்கிற மனுசன் கை காட்டினாலும் உங்கட கண்ணுக்குத் தெரியாது."

நிப்றாஸ் தலையைக் குனிந்துகொண்டான். "ஓம்" என்று மட்டும் சொன்னான்.

ஜெஸீம் குனிந்து ஊன்றுகோலை எடுத்தான். எடுத்த பிறகும் நிமிரக் கொஞ்ச நேரமானது.

இரண்டு மாதமாக அந்த வீட்டில் இதே பேச்சுத்தான். கல்முனைக்குடியில் ஒரு வளவில் வீடு கட்டுவதற்காக வெட்டிய வாகை மரம். மரம் போய்விட்டது, அடிக்கட்டை மட்டும் மண்ணுக்குள் குந்திக்கொண்டிருந்தது. அதைச் சங்கிலியால் கட்டி ட்ரெக்டரால் இழுத்தார்கள். ஜெஸீம் ட்ரெக்டரில். நிப்றாஸ் கட்டையடியில் குனிந்து, வழுகிப்போன கொக்கியைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தான். அவன் எழும்பித் தள்ளி நின்று சைகை தர முன்னமே ட்ரெக்டர் முன்னால் பாய்ந்தது. சங்கிலி அறுந்து சுழன்று வந்து காலில் அடித்தது.

ஆஸ்பத்திரி வாசலில் முஸ்பிறா அழுதுகொண்டு அண்ணனிடம் ஓடி வந்து கேட்டாள், "எப்பிடிக் காக்கா நடந்திச்சி?" என்று. ஜெஸீமின் வாயில் வந்தது ஒரு வசனம்.

"தள்ளி நில்லு எண்டு கை காட்டினன். அவன் பாக்கல்ல."

அந்த வசனம் ஆஸ்பத்திரி வாசலோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஊர் அதைச் சொன்னது, சொந்தம் அதைச் சொன்னது. கடைசியில் மயக்கம் தெளிந்த நிப்றாஸிடமும் அதுவே போய்ச் சேர்ந்தது. அந்தக் காலை நேரத்தில் ஒரு துண்டுகூட அவனுக்கு நினைவில்லை. மற்றவர்கள் சொன்னதை அவன் நம்பிக்கொண்டான்.

உண்மை இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஜெஸீமின் காதில் அப்போது போன் இருந்தது. அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்தவள் அவன் மனைவி றாஹிலா.

"போவமா நானா?" லொறிக்காரத் துசாந் என்ஜினை முறுக்கினான். ஆலையடிவேம்புப் பொடியன். இவர்களுடைய மரக்குத்திகளை ஏற்றி இறக்குவதெல்லாம் அவனுடைய லொறியில்தான்.

"போ தம்பி" என்று ஜெஸீம் ஓரமாக ஏறிக் கதவைச் சாத்தினான்.

அன்றைக்குச் சம்மாந்துறைக்குப் புறப்பட்டதற்குக் காரணம் இருந்தது. மரம் வெட்ட இவர்கள் இருவரையும் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் அடுத்து அடிக்கட்டையையும் எடுக்கச் சொல்வார்கள். கடற்கரை ஊர்களில் ஓர் அடி நிலத்தையும் யாரும் சும்மா விடமாட்டார்கள். மரம் நின்ற இடத்தில் அறை வரும், மதில் வரும், கிணறு வரும். பெக்கோ மெசின் கொண்டுவந்து தோண்டலாம் என்றால் குறுகலான ஒழுங்கைக்குள் அது திரும்பாது. அலவாங்கு பிடித்துத் தோண்டினால் ஒரு கட்டைக்கே நாள் கணக்கில் போகும். சங்கிலியை இனித் தொடுவதில்லை என்று ஜெஸீம் ஆஸ்பத்திரியிலேயே சத்தியம் பண்ணிவிட்டான்.

இப்போது பள்ளிவாசல் காணியில் ஒரு பெரிய வேலை வந்திருந்தது. மண்டபம் கட்டப்போகும் இடத்தில் வெட்டிய தென்னைகளின் கட்டைகள் வரிசையாக நின்றன. அடுத்த கிழமை துப்புரவாக்கிக் கொடுத்தால் வேலை இவர்களுக்கு. இல்லையென்றால் அக்கரைப்பற்றிலிருந்து வேறு ஆட்கள் வருவார்கள். அவர்கள் வந்தால் இந்தத் தொழில் இத்தோடு முடிந்த மாதிரித்தான்.

கட்டை அரைக்கிற மெசின் ஒன்று வேண்டும். எந்த மெசின் என்பதை ஜெஸீம் தன் மனதில் ஏற்கெனவே முடிவு பண்ணியிருந்தான்.

சம்மாந்துறையில் நளீமின் மெசின் வளவு பெரிய வீதியோரம் இருந்தது. முன்பக்கம் நெல் வெட்டும் மெசின்கள் சேறு காய்ந்து நின்றன. பக்கத்து ஆலையிலிருந்து உமித்தூசி பறந்து எல்லாவற்றிலும் படிந்திருந்தது. நளீம் வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டே வந்தார். நிப்றாஸின் காலைப் பார்த்தார், பார்க்காதவர் போலக் கண்ணை எடுத்துக்கொண்டார்.

"வாங்க, வாங்க. ரெண்டு மெசின் இரிக்கி. ரெண்டையும் ஓட்டிக் காட்டுறன். புடிச்சத எடுங்க."

முதலாவது பெரியது. ஜப்பானில் பாவித்து வந்த மெசின். றப்பர் பட்டியில் ஊர்ந்து போகும். முன்னால் தடித்த இரும்பு வட்டு, வட்டைச் சுற்றிப் பற்கள். வட்டு சுழன்று கட்டையை மேலிருந்து சுரண்டித் தூளாக்கிக்கொண்டே மண்ணுக்குள் இறங்கும் என்று நளீம் சொன்னார். அதை ஓட்டுகிறவன் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. கழுத்தில் ஒரு பெட்டியைத் தொங்கவிட்டு, தூரத்தில் நின்று விரலால் ஓட்டலாம்.

"கதிரையில இரிந்தும் ஓட்டலாமா?" ஜெஸீம் கேட்டான்.

"தாராளமா."

ஜெஸீம் நிப்றாஸின் பக்கம் திரும்பினான். "பாத்தியா மச்சான்? நீ இரிந்த இடத்துல இரிந்து..."

"மத்தது எது?" என்று நிப்றாஸ் நளீமிடம் கேட்டான்.

மற்றது சின்னது. இரண்டு சக்கரம், பின்னால் கை உழவு மெசின் போலப் பிடி. பெட்ரோல் என்ஜின். ஓட்டுகிறவன் பிடியைப் பிடித்து, உடம்பால் அமுக்கி, இடமும் வலமுமாக வீச வேண்டும். இரண்டு காலும் ஊன்றி நிற்க வேண்டும். ஜெஸீம் அதை ஒருமுறைதான் பார்த்தான்.

நளீம் பெரிய மெசினை வேப்பங்கட்டை ஒன்றின் பக்கம் நகர்த்தப் போனார். நிப்றாஸ் ஊன்றுகோலை உயர்த்தித் தடுத்தான்.

"வேம்ப எல்லா மெசினும் தின்னும் காக்கா. எங்களுக்கு இரிக்கிறது தென்னை. தென்னங்கட்டையில போட்டுக் காட்டுங்க."

நளீம் அவனை இன்னொரு தடவை பார்த்தார். இந்தத் தடவை காலைப் பார்க்கவில்லை. "பின் வளவுல இரிக்கி, வாங்க" என்றார்.

பின் வளவில் கொட்டில் போடுவதற்காக வெட்டிய தென்னைகளின் கட்டைகள் இரண்டு மூன்று இருந்தன. துசாந் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டான். நளீம் பெட்டியை நிப்றாஸின் கழுத்தில் மாட்டி, எந்த விரலுக்கு என்ன வேலை என்று காட்டினார்.

ஜெஸீம் போனை எடுத்து நிறுத்தி, சட்டைப் பைக்குள் போட்டான். இரண்டு மாதமாக எந்த என்ஜின் சத்தம் கேட்டாலும் அவன் கை அதைத்தான் செய்கிறது.

வட்டு சுழலத் தொடங்கியது. நிப்றாஸின் தோள் ஒருதரம் துள்ளிற்று. ஜெஸீம் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றான். ஆனால் நிப்றாஸ் விரலை எடுக்கவில்லை. மெசின் மெல்ல ஊர்ந்து கட்டையில் முகம் வைத்தது. மஞ்சள் தூளை வாரி எறிந்தது. நிப்றாஸின் வாய் கோணிக்கொண்டு போய்ச் சிரிப்பாக மாறியது. காலை எடுத்த பிறகு ஜெஸீம் அந்தச் சிரிப்பைப் பார்க்கவேயில்லை.

"துசாந், ஒரு படம் எடு. முஸ்பிறாவுக்கு அனுப்புவம்!" என்று நிப்றாஸ் சத்தம் போட்டான்.

இதுதான் மெசின், என்று ஜெஸீம் தனக்குள் சொன்னான். விலை கூட இருந்தால் இருக்கட்டும். இந்தச் சிரிப்பு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகட்டும்.

கல்முனைக்குடியில் முஸ்பிறா குசினி அடுப்படியில் பலகையில் உட்கார்ந்து முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். எதிரில் காக்காவின் மனைவி றாஹிலா. அவள் கொண்டுவந்த கறிச்சட்டி இருவருக்கும் நடுவில் மூடியோடு இருந்தது.

"மச்சி, ஒவ்வொரு நாளும் இப்பிடிக் கறி ஆக்கிக் கொண்டு வாறீங்க. நான் இத எப்பிடித் தீர்க்கப்போறன்?"

"தீர்க்க என்ன இரிக்கி முஸ்பிறா. அப்பிடிக் கதைக்காத."

போன் சிணுங்கியது. முஸ்பிறா கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள். பிறகு றாஹிலாவிடம் நீட்டினாள். கதிரையில் நிப்றாஸ், கழுத்தில் ஒரு பெட்டி, முகமெல்லாம் மரத்தூள்.

"சிரிக்கார் மச்சி."

றாஹிலா படத்தை வாங்கிப் பார்க்காமலே தலையாட்டினாள்.

"காக்கா இந்த மெசினத்தான் எடுக்கணும் எண்டு நிக்காராம், துசாந் எழுதியிரிக்கான். இரிந்த இடத்துல இரிந்து வேல செய்யலாமாம். பிழ விட்டது இவர். பாரத்தச் சுமக்கிறது காக்கா. கூடப் பொறந்தவனும் ஒருத்தன் இப்பிடிச் செய்வானா மச்சி?" முஸ்பிறாவின் குரல் இறங்கிற்று. "நான்தான் கெட்டவள். நேத்தும் ஏசிப்போட்டன். கோப்பையக் கை தட்டிப் போட்டுட்டார். அதுக்கு என்ட வாயில வந்தது பாருங்க. சொல்லச் சொல்லக் கேக்காம காலக் கொண்டு குடுத்த மனுசன்தானே நீங்க எண்டு சொல்லிட்டன்."

"அவர் என்ன சொன்னார்?"

"என்னத்தச் சொல்ற? 'ஓம், என்ட பிழதான்' எண்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார். நான் கேட்டது அவருக்கு எங்க போய்க் குத்தியிரிக்கும் எண்டு அந்த முதுகப் பாக்கக்குள்ளதான் விளங்கிச்சி. ஆனா நாளைக்கும் ஏசுவன் மச்சி. எனக்குத் தெரியும். இந்தக் கோபம் போகுதில்ல. கொஞ்சம் கண்ணத் திறந்து பாத்திரிந்தா இந்த வீடு இப்பிடி ஆகியிரிக்குமா?"

"அவர்ட பிழ இல்ல."

மிக மெதுவாகத்தான் சொன்னாள் றாஹிலா. முஸ்பிறா அதை ஆறுதல் என்றே எடுத்துக்கொண்டாள்.

"நீங்க அப்பிடித்தான் சொல்லுவீங்க."

"இல்ல முஸ்பிறா. அல்லாஹ் அறிய, அவர்ட பிழ இல்ல." றாஹிலா சட்டியைத் தள்ளி வைத்தாள். "அண்டைக்கு உன்ட காக்காவுக்குப் போன்ல கோல் எடுத்தது நான்."

"எப்ப?"

"அந்த நேரம். ட்ரெக்டர்ல இரிக்கார் எண்டு எனக்குத் தெரியா. மீன்காரன் ஒழுங்கையில நிண்டான். பாரை எடுக்கவா, கீரி எடுக்கவா எண்டு கேட்டன். 'சத்தமாச் சொல்லு, விளங்குதில்ல' எண்டார். திரும்பவும் சொன்னன். புறகு..." அவளுக்கு மூச்சு வாங்கிற்று. "புறகு நிப்றாஸ் கத்தினது கேட்டிச்சி. என்ட காதுக்குள்ளதான் கேட்டிச்சி."

முருங்கை இலை உருவிக்கொண்டிருந்த விரல்கள் இன்னும் உருவிக்கொண்டே இருந்தன. இலை முடிந்து வெறும் ஈர்க்கு மட்டும் மிஞ்சியது.

"அப்ப, காக்கா கை காட்டினது?"

"ஒரு கையில போன். மத்தக் கையில ஸ்டேரிங். எந்தக் கையால காட்டுற?"

தூரத்தில் ஐஸ்பழக்காரனின் மணி கேட்டது. அது ஒழுங்கை முழுக்கப் போய் ஓய்ந்தது.

"போன் கதையச் சொல்லாத, முஸ்பிறா தாங்க மாட்டாள் எண்டார். நானும் வாய மூடிட்டன். எனக்குத் தெரிஞ்சது இந்தச் சட்டியத் தூக்கிக்கிட்டு வாறது மட்டுந்தான். நீ திங்கிறதப் பாத்தா கொஞ்சம் லேசா இரிக்கும். கறி நல்லா இரிக்கி எண்டு நீ சொன்னா வீட்ட போய் அழுவன்."

முஸ்பிறா வெறும் ஈர்க்கைக் கீழே போட்டாள். பிறகு கேட்டாள்.

"எந்த மீன் எடுத்தீங்க?"

"என்ன?"

"பாரையா, கீரியா?"

"ஒண்டும் எடுக்கல்ல முஸ்பிறா. ஒண்டும் எடுக்கல்ல."

முஸ்பிறா எழுந்து போய்க் குழாயடியில் கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். 'போங்க' என்றும் சொல்லவில்லை, 'இரிங்க' என்றும் சொல்லவில்லை. றாஹிலா பலகைக்கு முன்னால் அப்படியே இருந்தாள்.

சம்மாந்துறையில் பெரிய மெசின் பாதிக் கட்டையைத் தின்றுவிட்டு நின்றுவிட்டது. வட்டைச் சுற்றித் தென்னை நார் கட்டுக்கட்டாகச் சிக்கியிருந்தது. பெல்ட் கருகிய மணம் வந்தது. நளீமின் ஆட்கள் முழு மூடியையும் கழற்றி, கத்தியால் நாரை அறுத்து எடுக்கத் தொடங்கினார்கள். முடிகிற வேலையாகத் தெரியவில்லை.

"அந்தச் சின்னதப் போடுங்க" என்றான் நிப்றாஸ்.

சின்ன மெசினை நளீமே பிடித்து ஓட்டினார். அதிலும் நார் சுற்றத்தான் செய்தது. ஆனால் இரண்டு ஆணியைக் கழற்றினால் மூடி கையோடு வந்தது. நாரை இழுத்து எறிந்துவிட்டுத் திரும்ப ஓட்டினார். கட்டை மெல்ல மெல்ல மண்மட்டத்துக்கு வந்து, மண்ணுக்குள்ளும் இறங்கியது.

நிப்றாஸ் கேட்டுக்கொண்டே இருந்தான். அத்திவாரம் போடும் ஆழத்துக்கு இறங்குமா? கடற்கரை மண்ணில் பல் தேய்ந்தால் மாற்றுப் பல் இங்கேயே கிடைக்குமா? கடைசியாக ஒன்று கேட்டான்.

"ஓட்டுறவன் கை வழுகினா?"

"கைய விட்டா வட்டு நிண்டுடும்" என்று நளீம் பிடியைக் கைவிட்டுக் காட்டினார். என்ஜின் அடங்கி, வட்டு இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

நிப்றாஸ் அந்த நின்றுபோன வட்டையே கொஞ்ச நேரம் பார்த்தான். "இதுதான் மச்சான் நம்மட மெசின்" என்றான்.

ஜெஸீம் அவனைத் தனியாகப் பின்மதில் பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

"இதுல நீ எப்பிடி வேல செய்வாய்? மத்தத எடுப்பம். நார எப்பிடியும் வெட்டி எடுக்கலாம்."

"மத்தது எந்தக் கேற்றுக்குள்ளால போகும்? அந்தப் பாரத்துக்கு வளவுல இரிக்கிற மலக்குழி மூடி தாங்குமா? உனக்குத் தெரியாதா இதெல்லாம்?"

"தெரியும்."

"அப்ப ஏன்?"

ஜெஸீம் வெறுமனே தொங்கிய சாறனின் ஓரத்தைப் பார்த்தான்.

"தொழிலுக்கு மெசின் எடுக்கிறமா, என்ட காலுக்கு மெசின் எடுக்கிறமா?" நிப்றாஸின் குரலில் கோபம் இல்லை. "நான் ஓடர் பாக்கன், ஆக்களோட கதைக்கன், பல்லத் தீட்டித் தாறன். புதுக் கால் போட்ட புறகு மத்ததப் பாப்பம். நீ ஓட்டு."

"உன்ன வீட்டுல வெச்சிட்டு நான் ஓட்டவா?"

"நீ என்னத்துக்கு இப்பிடி உருகுற எண்டு எனக்குத் தெரியும் மச்சான்." நிப்றாஸ் ஊன்றுகோலை மதிலில் சாய்த்துவிட்டு, ஒரு கையால் ஜெஸீமின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நான் உன்னட்ட ஒண்டு கேக்கணும் எண்டு கன நாளா நினைக்கன். அண்டைக்கு நீ எந்தப் பக்கத்தால கை காட்டினாய்?"

ஜெஸீமின் கை சட்டைப் பைக்குள் இருந்த போனைத் தொட்டது.

"படுத்துக் கிடந்து யோசிச்சிப் பாக்கன். ஒண்டும் வருதில்ல. நான் ஏன் பாக்காம இரிந்தன்? கண் குருடா எனக்கு? முஸ்பிறா கேக்கிறதுக்கு ஒரு பதில் சொல்லணும். அதுக்குத்தான் கேக்கன்."

இதைவிட நல்ல நேரம் வரப்போவதில்லை என்று ஜெஸீமுக்குத் தெரிந்தது. பக்கத்தில் ஆளில்லை. கேட்கிறவன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். 'நான் கை காட்டல்ல மச்சான்' என்றால் முடிந்தது. வாயைத் திறந்தான். தோளில் இருந்த கையின் பாரம் தெரிந்தது. இதைச் சொன்னால் இந்தக் கை எடுபட்டுவிடும்.

"வலது பக்கத்தால" என்றான்.

நிப்றாஸ் யோசித்தான். பிறகு அவன் முகம் தெளிந்தது.

"அப்ப வெயில் கண்ணுல அடிச்சிரிக்கும். காலமைதானே. ஓம், வெயில்தான்." தானே காரணம் கண்டுபிடித்த திருப்தி அவனுக்கு. "பாத்தியா, அதுதான் தெரியாமப் போயிரிக்கி. நீ காட்டினாய், எனக்குத் தெரியல்ல. உன்னிலயும் பிழ இல்ல. இனி இதப் போட்டு மனச அரிக்காத மச்சான். உன்னப் பாக்க எனக்குத் தாங்குதில்ல. என்னால நீயும் இப்பிடி ஆகிட்டாய்."

ஜெஸீம் மதில் பக்கம் திரும்பிக்கொண்டான். உமித்தூசி கண்ணுக்குள் போய்விட்டது என்று சொன்னான்.

சின்ன மெசினையே எடுத்தார்கள். நளீமின் ஆட்கள் பலகை சாத்தி அதை லொறியில் ஏற்றினார்கள். ஜெஸீம் முன்னால் ஏறவில்லை. மெசின் ஆடும், பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று பின்தட்டிலேயே இருந்துகொண்டான். வீதியில் பாதிக்கு மேல் நெல் காயப்போட்டிருந்ததால் துசாந் மெதுவாகத்தான் ஓட்டினான். முன்பக்கத்தில் நிப்றாஸ் அவனோடு ஓயாமல் பேசிக்கொண்டு வருவது கண்ணாடி வழியே தெரிந்தது. நெல் காயும் வெக்கை முகத்தில் அடிக்க, ஜெஸீம் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். வீட்டில் இறங்கியதும் சொல்லிவிட வேண்டும் என்று காரைதீவுச் சந்தியில் நினைத்தான். சாய்ந்தமருதைத் தாண்டும்போது, நாளைக்கு என்று நினைத்தான்.

லொறி ஒழுங்கைக்குள் திரும்பி முஸ்பிறாவின் வீட்டுக்கு முன்னால் நின்றது. கேற் திறந்தே கிடந்தது. முஸ்பிறா வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் றாஹிலா. றாஹிலாவின் முகத்தைக் கண்டதும் ஜெஸீமுக்கு விளங்கிவிட்டது.

முஸ்பிறா நேரே நிப்றாஸ் இருந்த பக்கம் வந்தாள்.

"இஞ்ச பாரு, மெசின் வந்திட்டு" என்றான் நிப்றாஸ் சந்தோசமாக. "நீ கேப்பாயே, அதுக்கும் பதில் இரிக்கி. வெயில் கண்ணுல..."

"உங்கட பிழ இல்ல."

"என்ன?"

"உங்கட பிழ இல்ல. நான் இவ்வளவு நாளும் உங்கள ஏசினது அநியாயம்." அவள் கதவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "காக்கா கை காட்டல்ல. போன் கதச்சிக்கிட்டு இரிந்திரிக்கார். றாஹிலா மச்சிதான் கோல் எடுத்திரிக்கா. அவவே சொன்னா. என்ன மன்னிச்சிக்கோங்க. எத்தின நாள் உங்களச் சுவரப் பாத்துப் படுக்க வெச்சிட்டன்."

துசாந் ஸ்டேரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிப்றாஸ் தலையைத் திருப்பினான். பின்கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஜெஸீமைப் பார்த்தான். கத்தினாலும் ஏசினாலும் ஜெஸீம் தாங்கியிருப்பான். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. எதையோ சரியாக விளங்கிக்கொள்ள முயல்கிறவனின் முகமாக இருந்தது அது.

ஜெஸீம் பின்தட்டிலிருந்து குதித்து ஓடி வந்தான். கதவைத் திறந்து, வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டினான்.

"மச்சான்..."

"மதிலடியில கேட்டேனேடா" என்றான் நிப்றாஸ். அவ்வளவுதான்.

நீட்டிய கைகளை அவன் பார்க்கவே இல்லை. "துசாந் தம்பி, சுத்தி வந்து கொஞ்சம் புடி" என்றான். துசாந் தயங்கித் தயங்கி இறங்கி வந்தான். ஜெஸீம் விலகி இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. துசாந்துக்குத் தூக்கும் முறை தெரியவில்லை. நிப்றாஸின் துண்டுக்கால் கதவில் முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு அவன் இறங்கினான். முஸ்பிறா ஊன்றுகோல்களைக் கொடுத்தாள். இருவரும் உள்ளே நடந்தார்கள்.

கேற்றடியில் நிப்றாஸ் ஒரு கணம் நின்றான். திரும்பவில்லை.

"மெசின இறக்க வேணாம் துசாந்."

றாஹிலா ஒதுங்கி வெளியே வந்தாள். முஸ்பிறா அவளைப் பார்க்காமல் கேற்றைச் சாத்தினாள். உள்ளே கொளுக்கி விழும் சத்தம் கேட்டது.

ஒழுங்கையில் பின்னால் வந்த ஆட்டோ ஒன்று ஹோர்ன் அடித்தது. துசாந் லொறிக்கும் கேற்றுக்கும் நடுவில் நின்றான்.

"நானா, எங்க கொண்டு போற இத?"

ஜெஸீமுக்கு அது காதில் விழவில்லை. றாஹிலா அவன் கையைத் தொட்டாள். "நான் சொல்லாம இரிந்திரிக்கணுமா?" என்று கேட்டாள். குரல் வெளியே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

"இல்ல" என்றான் ஜெஸீம். "நான் சொல்லியிரிக்கணும்."

ஆட்டோ திரும்பவும் ஹோர்ன் அடித்தது. அவன் கேற்றடிக்குப் போனான். கையை உயர்த்தித் தட்டினான். ஒருமுறை. பிறகு இன்னொருமுறை, கொஞ்சம் பலமாக.

உள்ளே முற்றத்து மணலில் ஊன்றுகோல் ஊன்றி வரும் சத்தம் கேட்டது. மெதுவாகத்தான் வந்தது. கேற்றுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. தகரத்துக்கு அப்பால் நிப்றாஸ் மூச்சு வாங்குவது ஜெஸீமுக்குக் கேட்டது.

கொளுக்கி அசையவில்லை.